கேம்பர் வேனுக்குப் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுக்கலாமா? விதியும் கணக்கும் சொல்வது என்ன

அந்த வீடியோ உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும். பஸ் அளவுக்கு ஒரு மோட்டார் ஹோம். அதன் பின்னால் முக்கோண வடிவ இரும்புச் சட்டத்தில் கோத்தபடி, நான்கு சக்கரமும் தரையில் உருள, உள்ளே ஆளே இல்லாமல் ஒரு ஜீப் ரேங்ளர் வந்துகொண்டிருக்கும். உயர்த்திய சஸ்பென்ஷன், தடித்த டயர், முன் பம்பரில் வின்ச். முகாமிடும் இடம் வந்ததும் கேம்பரை நிறுத்துவார்கள், இரண்டு பின்னைக் கழற்றுவார்கள், ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறிவிடுவார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது கட்டாயம் ஃபார்வேர்டு செய்திருப்பார்.

இதற்குப் பெயர் ஃப்ளாட் டோயிங். டிங்கி டோயிங் என்றும் சொல்வார்கள். பெரிய படகின் பின்னால் சின்னத் தோணியைக் கட்டி இழுத்துப் போகும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

இந்தியாவில் தார், ஜிம்னி வாங்கி மாடிஃபை செய்பவர்கள் கூடிவிட்டார்கள். கேம்பர் வேன் வாடகைக்குக் கிடைக்கிறது, சொந்தமாகக் கட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற யோசனை வருவது இயல்புதான். சுருக்கமான பதில் இது: நல்லா ஓடுற வண்டியை இப்படி உல்லாசப் பயணத்துக்கு இழுத்துப் போக இந்திய விதிகளில் இடமில்லை. ஏன் இல்லை, அந்தத் தடைக்குப் பின்னால் என்ன இயற்பியல் இருக்கிறது, அதையும் மீறி ஒருநாள் உங்கள் வண்டி நடுவழியில் நின்று யாரோ இழுக்க நேர்ந்தால் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணக்குக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. ராஷ்பிஹாரி அவென்யூவில் காலையில் ஃபில்டர் காபி, மாலையில் மல்லிகைப்பூ. வார இறுதியில் தெற்கே போனால் திகா கடற்கரை, சுமார் 185 கி.மீ. வடக்கே போனால் சிலிகுரி, சுமார் 580 கி.மீ. அங்கிருந்து மேலே சந்தக்பு. ஜீப் வைத்திருப்பவர்களின் கனவுப் பாதை இந்த இரண்டாவதுதான்.

விதி சொல்வது என்ன?

இந்தியச் சட்டத்தின் பார்வையில் ஒரு மோட்டார் வண்டி இன்னொரு மோட்டார் வண்டியை இழுப்பது மீட்பு வேலை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தன. இழுக்கப்படும் வண்டி பழுதானதாகவோ, முழுதாகக் கட்டி முடிக்காததாகவோ இருக்க வேண்டும். அல்லது பதிவு பெற்ற டிரெய்லராகவோ சைடு காராகவோ இருக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கவும், பக்கத்து ஒர்க் ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரை கொண்டுபோகவும்தான் அனுமதி.

அடுத்த நிபந்தனை இன்னும் முக்கியம். இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் முன் சக்கரங்கள் கிரேன் மாதிரியான ஒரு சாதனத்தால் தரையிலிருந்து தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பின் வண்டியின் பின்புறத்தில், வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்துகளில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 24 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

2017-இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. இழுவை பற்றிய அடிப்படைப் பார்வை மாறவில்லை. பழுதான வண்டி, பக்கத்து ஒர்க் ஷாப், மெதுவான வேகம்.

கணக்கு வசதிக்கு மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லேக் மார்க்கெட்டிலிருந்து திகாவுக்கு 7 மணி 24 நிமிடம். சிலிகுரிக்கு 23 மணி 12 நிமிடம், அதுவும் எங்குமே நிற்காமல். அத்தனை நேரமும் ஒருவர் பின் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கேம்பரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஓட்டத் தெரிந்தவர், லைசென்ஸ் உள்ளவர். ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே! அந்த இடத்திலேயே இந்த யோசனை அர்த்தமில்லாமல் போகிறது.

மீறினால் அபராதம் எவ்வளவு? ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவு 500 முதல் 1,000 ரூபாய் வரை விதிக்கிறது. மலிவாகத்தான் தெரியும். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

மாடிஃபிகேஷன் என்ற இரண்டாவது கேள்வி

ஃப்ளாட் டோயிங் செய்ய ஜீப்பின் முன்புறத்தில், சேஸிஸோடு போல்ட் போட்டு ஒரு பேஸ் பிளேட் பொருத்த வேண்டும். கேம்பரின் பின்னால் ஹிட்ச் வேண்டும். பின் விளக்குகளுக்கு ஒயரிங் இழுக்க வேண்டும். நம் ஊரில் இவை ஒவ்வொன்றும் 52-ஆம் பிரிவின் கீழ் வரும் கேள்விகள்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. நிறம் மாற்றுவது, சின்னச் சின்ன பொருத்தல்கள் பரவாயில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பு உற்பத்தியாளர் ஒப்புதல் வாங்கிய விதத்திலேயே இருக்க வேண்டும். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். லிஃப்ட் கிட் ஒன்று, பெரிய டயர் ஒன்று, இரும்பு பம்பர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணத் தொடங்கினால் தொகை வேகமாக ஏறும். புல் பார், கிராஷ் கார்டு மாட்டுவது இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

தெருவில் இது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. ராஷ்பிஹாரியில் ஒரு சிக்னலில் நின்றால் போதும், புல் பார் போட்ட வண்டிகளை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் விபத்து நடந்த பிறகு ஆய்வாளரும் காப்பீட்டு சர்வேயரும் வண்டியைப் பார்க்கும் பார்வை, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரின் பார்வையைப் போல இருக்காது.

காப்பீட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். வணிக வாகன பேக்கேஜ் பாலிசியில் பழுதான வண்டியை இழுப்பது பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. ஒரே ஒரு பழுதான வண்டியை, கூலி வாங்காமல் இழுத்தால் மூன்றாம் நபருக்கான பொறுப்பு தொடரும். இழுக்கப்படும் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு அந்தப் பகுதியில் பொறுப்பில்லை. இதில் 'பழுதான' என்பது சும்மா போட்ட அடைமொழி கிடையாது. நல்ல நிலையில் உள்ள ஜீப்பை இழுத்துப் போய் யார் மேலாவது மோதினால், க்ளெய்ம் படிவத்தில் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் நீங்கள் வாதாட வேண்டும். வாடகை கேம்பர் என்றால் பாலிசி உங்களுடையதுகூட இல்லை.

மற்ற நாடுகள் எப்படி அனுமதிக்கின்றன?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பொதுவான நடைமுறை ஒன்று உண்டு: கேம்பரின் ஹிட்சுக்கு எடை வரம்பு, டோ பாருக்கு எடை வரம்பு, பேஸ் பிளேட்டுக்கு எடை வரம்பு. இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. டோ பார் உடைந்தாலும் வண்டி விலகிப் போகாதபடி பாதுகாப்புச் சங்கிலிகள். பின் வண்டியில் கேம்பரின் பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்யும் துணை பிரேக். வண்டி அறுந்துவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் பிரேக் அவே ஸ்விட்ச்.

பிரிட்டனில் இதை ஏ ஃப்ரேம் என்பார்கள். அங்கே ஏ ஃப்ரேமில் மாட்டிய கார் சட்டப்படி டிரெய்லர் ஆகிவிடும். 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்கு வேலை செய்யும் பிரேக் கட்டாயம். எந்த ஜீப்பும் 750 கிலோவுக்குள் வராது என்பதால், பிரேக் அமைப்பு இல்லாமல் அங்கே இழுக்க முடியாது.

இப்படி அனுமதிக்கும் நாடுகள் எல்லாம் கேட்பது, பின் வண்டிக்கென்று தனி பிரேக் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவிச் சந்தை, ஒப்புதல் முறை, ஆய்வு முறை இங்கே இல்லை. அதனால்தான் நம் விதி வேகத்தையே 25-க்கு அருகில் கட்டிப்போடுகிறது. பழைய காலத்து எண் மாதிரி தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை.

பிரேக் தூரம்: ஒரு தோராயக் கணக்கு

3,500 கிலோ எடையுள்ள ஒரு கேம்பர். அதன் பிரேக் முழு பலத்தோடு பிடித்தால் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைகிறது என்று வைப்போம். பின்னால் மாட்டிய ஜீப்புக்கு பிரேக் கிடையாது. அப்போது அதே பிரேக் விசை கூடுதல் எடையையும் நிறுத்தியாக வேண்டும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கேம்பர் மட்டும் நிற்க 41 மீட்டர் போதும். 1,200 கிலோ ஜிம்னியை மாட்டினால் 55 மீட்டர். வின்ச், இரும்பு பம்பர், பெரிய டயர், ஜெர்ரி கேன் என்று எல்லாம் ஏற்றி 2,000 கிலோவைத் தொட்ட ஒரு ஜீப்பை மாட்டினால் 65 மீட்டர். அதாவது கேம்பர் மட்டும் வந்திருந்தால் நின்றிருக்க வேண்டிய இடத்தை 24 மீட்டர் தாண்டிப் போய்த்தான் இந்த ஜோடி நிற்கும். இது பிரேக்கை மிதித்த பிறகான தூரம் மட்டுமே. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் நேரம் தனி.

அதே கணக்கு மணிக்கு 25 கி.மீ.யில்: 4 மீட்டர், 5.4 மீட்டர், 6.3 மீட்டர். வித்தியாசம் ஒரு ஆள் நீளத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வேகம் 80-இலிருந்து 25-க்கு இறங்கினால் பின் வண்டியின் இயக்க ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. விதியை எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களா தெரியாது, விடை அந்த எண்ணுக்குச் சாதகமாகத்தான் வருகிறது.

கயிறு கட்டி இழுக்கும்போது இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். மணிக்கு 25 கி.மீ. என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர். நடுவே இருக்கும் 5 மீட்டர் இடைவெளியைக் கடக்க 0.7 வினாடி. முன்வண்டி சட்டென நின்றால் பின்வண்டி ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த 0.7 வினாடியை ஒட்டியதுதான். சாதாரணமாக ஒருவர் எதிர்வினை காட்டவே ஒரு வினாடி ஆகும். அதனால்தான் அனுபவசாலிகள் கயிற்றை எப்போதும் விறைப்பாகவே வைத்திருக்கப் பின்வண்டியில் இருப்பவரை லேசாக பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வரச் சொல்வார்கள். முன்வண்டி வேகம் குறைப்பதற்குள் பின்வண்டி குறைத்துவிட வேண்டும். கெட்டியான டோ பார் கிடைத்தால் கயிறு வேண்டவே வேண்டாம்.

மாடிஃபை செய்த வண்டிக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜீப்பை இழுப்பதும், மாற்றம் செய்த ஜீப்பை இழுப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இதைச் செய்து பழகியவர்களே முதலில் பயப்படுவது இதற்குத்தான்.

சூப்பர் மார்க்கெட் டிராலியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். நீங்கள் தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்ளும், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. காரின் முன்சக்கரங்களிலும் இதே தத்துவம்தான். அந்தச் சாய்வுக்குப் பெயர் கேஸ்டர். ஆளில்லாத ஜீப் கேம்பரைப் பின்தொடர்ந்து தானாகத் திரும்புவது இந்தக் கேஸ்டரின் தயவால்தான்.

ஜிப்ஸி, ஜிம்னி, ரேங்ளர் மூன்றிலும் முன்பக்கம் ஒரே தண்டான ஆக்ஸில். ஜிம்னி, ரேங்ளர் மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டிகளில் லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தும்போது, ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் கீழே சாய்கின்றன, ஆக்ஸில் சற்றுச் சுழல்கிறது, கேஸ்டர் குறைகிறது. அதைச் சரிசெய்யும் புஷ்ஷோ ஆர்மோ போடாமல் விட்டால், டிராலியின் கோளாறான சக்கரம் படபடவென்று ஆடுமே, அதே மாதிரி முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கும். கூடவே கனமான டயர், தேய்ந்த டை ராடு எண்ட், தளர்ந்த டிராக் பார் போல்ட் சேர்ந்தால் ஆட்டம் அடங்கவே அடங்காது. இதைத்தான் டெத் வாபிள் என்கிறார்கள். நீங்களே ஓட்டிக்கொண்டிருந்தால் ஸ்டியரிங் கையை உதறும், உடனே வேகத்தைக் குறைப்பீர்கள். ஆளில்லாமல் பின்னால் வரும் ஜீப்பில் அதை உணர யாருமில்லை. ரியர் வியூ மிரரில் தெரியும்போது தாமதமாகியிருக்கும். புதிய தாரில் முன் சஸ்பென்ஷன் தனித்தனியானது என்பதால் இந்தக் குறிப்பிட்ட வகை ஆட்டத்துக்கு வாய்ப்பு குறைவு. அதற்காக மோசமாக உயர்த்திய தார் நேராக ஓடும் என்று அர்த்தமில்லை.

உயரத்தால் வரும் சிக்கல் இன்னொன்று. டோ பார் கிட்டத்தட்ட தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் மூன்று, நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது டோ பார் தயாரிப்பவர்களின் பொதுவான அறிவுரை. ஜீப்பை ஐந்து அங்குலம் உயர்த்திவிட்டால் அந்த வரம்பு ஒரே மாற்றத்தில் காலி. பிரேக் பிடிக்கும்போது சாய்வான டோ பார் வழியாக ஜீப்பின் தள்ளல் கேம்பரின் பின்புறத்தைக் கீழே அமுக்கவோ மேலே தூக்கவோ செய்யும்.

வின்ச் பம்பரில் தொங்கும் டி ஷேக்கிள்களைப் பார்த்துவிட்டு 'இதிலேயே மாட்டிடலாமே' என்று சொல்பவர்களும் உண்டு. அந்த பம்பர் சேஸிஸின் எந்த இடத்தில், எத்தனை போல்ட்டில் நிற்கிறது என்று படுத்துப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். இங்கே விற்கும் பல பம்பர்கள் அழகுக்காக வெல்டிங் செய்தவை.

அப்புறம், ஃப்ளாட் டோயிங்கில் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் ஜீப்பின் முன்சக்கரங்கள் குறுக்கே திரும்பி டோ பாரையே வளைத்துவிடும். 6 மீட்டர் கேம்பர், ஒன்றரை மீட்டர் டோ பார், 4 மீட்டர் ஜீப் சேர்த்தால் பதினொன்றரை மீட்டர் நீளம். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜனக் ரோட்டில் தவறாக ஒரு திருப்பம் திரும்பி, எதிரே காய்கறி வேன் நின்றுவிட்டால், நடுத்தெருவில் ஜீப்பைக் கழற்றி மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஞாயிறு காலை மீன் வாங்க வந்த மொத்தக் கூட்டமும் நின்று ஆலோசனை சொல்லும்.

கியர்பாக்ஸ்: உண்மையான பண இழப்பு இங்கேதான்

இந்தப் பகுதி, கேம்பரே இல்லாதவர்களுக்கும். ஏனென்றால் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் எவரும் ஒருநாள் ரிகவரி வேனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு இழுத்தால் எதுவும் ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. சக்கரம் உருளும்போது டிஃபரென்ஷியல் சுழலும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும், டிரான்ஸ்ஃபர் கேஸ் சுழலும், கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டும் சுழலும். எஞ்சின் ஓடாததால் உள்ளே எண்ணெயைத் தெறிக்கவிடும் கியர்கள் மட்டும் நின்றுகொண்டிருக்கும். தண்டு சுழல்கிறது, பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் ஆயில் பம்பை ஓட்டுவதே எஞ்சின்தான். சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் தாங்கும். சிலிகுரி வரை தாங்காது.

இதற்குத் தீர்வு டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று இருக்கும் தனி நியூட்ரல். 4ஹெச்-க்கும் 4எல்-க்கும் நடுவே 'என்' என்று ஒரு இடம் இருந்தால், அதில் போடும்போது சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு முழுதாக அறுந்துவிடும். ரேங்ளர் அமெரிக்காவில் கேம்பர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுபோய், ஆட்டோமேட்டிக் என்றால் கியரைப் பார்க்கிலும், மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரிலும் வைக்கச் சொல்கிறது கம்பெனியே. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கியரில் போட்டுவிட்டால் கியர்பாக்ஸின் தண்டு சுழல வழியே இல்லை, சுழலாத பேரிங் தேயாது.

மாருதி ஜிப்ஸியும் இந்தக் கதையில் உண்டு. 1985-இல் இந்தியாவில் தொடங்கிய ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுசுகி சாமுராய், அமெரிக்காவில் கேம்பருக்குப் பின்னால் நிறைய இழுக்கப்பட்ட வண்டி. காரணம், எடை குறைவு, தனி டிரான்ஸ்ஃபர் நியூட்ரல். முன்சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் அதையும் திறந்துவிடலாம், முன் ஷாஃப்ட் சுழலாது. பின் ஷாஃப்ட் என்னவோ சுழலத்தான் செய்யும்.

உங்கள் வண்டியில் 'என்' இருக்கிறதா, இருந்தாலும் இழுக்க அனுமதி உண்டா என்பதற்கு ஓனர்ஸ் மேனுவல் மட்டுமே பதில். யூடியூப் இல்லை, மெக்கானிக் அண்ணனும் இல்லை. லிவரில் 'என்' இருப்பது மட்டுமே போதாது. அந்த நிலையில் வெளியீட்டுத் தண்டுக்கு எண்ணெய் போகும்படி டிரான்ஸ்ஃபர் கேஸ் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். தொடர்ச்சியாக நான்கு சக்கரமும் இயங்கும் வகை எஸ்யூவிகளை ஒரு ஆக்ஸிலைத் தூக்கி இன்னொன்றை உருட்டி இழுத்தால், நடுவில் இருக்கும் கப்ளிங் சூடேறி வீணாகும்.

வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

கொல்கத்தாவிலோ நெடுஞ்சாலையிலோ காப்பீட்டு நிறுவனத்தின் சாலை உதவி எண்ணைக் கூப்பிடும்போது முதல் வாக்கியத்திலேயே 'ஃபோர் பை ஃபோர் வண்டி, ஃப்ளாட் பெட் வேணும்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் கிரேன் வந்து நிற்கும். நடுராத்திரியில் அதைத் திருப்பி அனுப்ப உங்களுக்கும் மனசு வராது.

ஃப்ளாட் பெட் வரவே வழியில்லை, ஒர்க் ஷாப் பக்கத்தில்தான் என்றால் டோ பாரிலோ கயிற்றிலோ இழுக்கலாம். சாவியை ஆன் நிலையில் வையுங்கள், இல்லையென்றால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டியரிங் உதவாது. பிரேக் இரண்டு மூன்று முறை மிதித்தபின் கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இதைப் பின்வண்டியில் உட்காருபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கயிற்றை வண்டியின் டோ ஐயில் மாட்டுங்கள், ஆக்ஸிலிலோ டை ராடிலோ சுற்றாதீர்கள். மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது பந்து வடிவ ஹிட்சில் கயிற்றை மாட்டவே மாட்டாதீர்கள். அது தெறித்து வந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி, கண்ணாடியைத் துளைத்து உயிரையே எடுத்திருக்கிறது.

சரி, கேம்பரும் ஜீப்பும் இரண்டுமே வேணும்னா?

சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு பதிவு பெற்ற டிரெய்லர். 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து சாராத வாகனங்கள் என்றே இடம்பெற்றிருக்கின்றன. தனி எண்ணோடு பதிவான டிரெய்லர் மேல் ஜீப்பை ஏற்றிவிட்டால் அது சரக்கு. ஆனால் உங்கள் கேம்பருக்கு இழுவைக் கொக்கியும் அதற்கான எடை வரம்பும் உற்பத்தியாளரே தந்திருக்க வேண்டும். டிரெய்லர், ஜீப் இரண்டின் எடையும் சேர்ந்து அந்த வரம்புக்குள் வர வேண்டும். 3,500 கிலோ கேம்பரின் பின்னால் இது வெறும் காகிதக் கணக்காகவே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

நண்பர்களோடு போகிறீர்கள் என்றால், ஒருவர் கேம்பரையும் ஒருவர் ஜீப்பையும் ஓட்டுவதுதான் என் முதல் தேர்வு. டீசல் கூடும், மற்றபடி எந்த விதியோடும் சண்டையில்லை. இரண்டு பேர் மட்டுமே என்றால் கேம்பரை மறந்துவிட்டு ஜீப்பின் கூரையில் ரூஃப் டென்ட் போட்டுக்கொள்வது யோசிக்க வேண்டிய விஷயம். ஓடும்போது கூரை தாங்கும் எடை, நிற்கும்போது தாங்கும் எடை இரண்டும் வேறு வேறு, மேனுவலில் ஓடும்போது உள்ளதைப் பாருங்கள்.

சந்தக்புதான் இலக்கு என்றால் கதையே வேறு. மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரச் சிகரம் வரை 30 கி.மீ.க்குச் சற்று அதிகமான பாதை. 1950-களின் லேண்ட் ரோவர்கள் இன்னமும் அதில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. கேம்பரைச் சிலிகுரியிலோ மிரிக்கிலோ நிறுத்திவிட்டு, அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லையும் தெரிந்த உள்ளூர் ஓட்டுநரோடு மேலே போகலாம். 580 கி.மீ. ஜீப்பை இழுத்துச் செல்லும் கேள்வியே எழாது.

இல்லை, என் ஜீப்பைத்தான் மேலே ஏற்றுவேன் என்பவர்கள் ஃப்ளாட் பெட் லாரி பேசி முன்கூட்டியே சிலிகுரிக்கு அனுப்பலாம். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுங்கள். பட்டையைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள், பாடியில் கட்டினால் உயர்த்திய சஸ்பென்ஷன் வழியெல்லாம் குதித்துப் பட்டையைத் தளர்த்திவிடும். டிரான்ஸிட் காப்பீடு யார் பெயரில் என்று எழுத்தில் வாங்குங்கள். லாரி தளத்தின் உயரம், ஜீப்பின் உயரம், கூரை ரேக் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு மீட்டர் தளத்தில் இரண்டு மீட்டர் ஜீப் ஏறினாலே மூன்று மீட்டர், மேலே டென்ட் தனி. கொல்கத்தாவில் உயரத் தடுப்புக் கம்பி வைத்த மேம்பாலங்கள் உண்டு. ரூஃப் டென்ட்டைக் கழற்றிக் கேம்பருக்குள் போட்டுவிடுங்கள்.